முப்பத்திரண்டரை வயது

மாஸ்டரக்காவுக்கு என்ன வயது என்று அந்த மகப்பேறு மருத்துவமனையில் விசாரித்தால், எந்த மாடியில் நின்று விசாரிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்துப் பதில் மாறும். மூன்றாம் மாடியில் இருபத்துநான்கு. மூன்றாம் மாடிக்கு ஏறும் படிக்கட்டுச் சுவரில் நாற்பத்தொன்று. தரைத்தளத்துப் பதிவு அறையில் முப்பத்திரண்டரை. அவளைப் பெற்றவள் உயிரோடு இருந்திருந்தால் நாற்பத்தொன்று என்றுதான் சொல்லியிருப்பாள். ஆனால் பெற்றவளின் வாக்குமூலம் அங்கே செல்லாது.

அவள் சீருடை தைக்கும் பட்டறையில் துணி வெட்டுகிறவள். நாற்பது அடுக்குத் துணியை நீள மேசையில் விரித்து, சாக்கட்டியால் கோடு போட்டு, வெட்டும் மெஷினை ஓட்டி, நாற்பது பேண்ட்டுக்கான கால்களை ஒரே ஓட்டத்தில் எடுத்துவிடுவாள். இந்த வேலையைச் செய்கிற ஆணுக்கு மாஸ்டர் என்று பெயர். பெண் செய்தால் என்ன பெயர் என்று பட்டறையில் யாரும் யோசித்து வைத்திருக்கவில்லை. அதனால் மாஸ்டரக்கா ஆகிவிட்டாள்.

கல்யாணம் ஆனபோது அவளுக்கு முப்பத்துநாலு. மாப்பிள்ளை லிஃப்ட் மெக்கானிக், அவளைவிட ஐந்து வயது மூத்தவன். இரண்டு முறை கரு தங்கியது. இரண்டுமே பத்தாவது வாரத்தைத் தாண்டவில்லை. மூன்றாவதாக ஒன்றும் தங்கவே இல்லை. அந்த மருத்துவமனையின் மூன்றாம் மாடியில், கருத்தரிப்புத் துறையில், ஒரு டாக்டரம்மா ஒளிவுமறைவில்லாமல் சொன்னாள்.

"நீங்க பொறக்கும்போதே உங்க முட்டையெல்லாம் உங்களோட பொறந்துடுச்சும்மா. உங்களுக்கு எவ்வளவு வயசோ அதுக்கும் அவ்வளவு வயசு. நாப்பதுல அதுகிட்ட ரொம்ப எதிர்பார்க்க முடியாது. வேற ஒரு சின்னப் பொண்ணோட முட்டை வாங்கி, உங்க வீட்டுக்காரரோட சேர்த்து, உங்க வயித்துல வைக்கலாம். சம்மதமா?"

புருஷனும் பெண்டாட்டியும் நாலு நாள் பேசாமல் இருந்தார்கள். ஐந்தாம் நாள் அவன் சாப்பிட்ட தட்டைக் கழுவிக்கொண்டே, "வயித்துல சுமக்கப்போறது நீதானே, அப்புறம் யாரோடதா இருந்தா என்ன," என்றான். அத்தோடு அந்த விவாதம் முடிந்தது. இருபத்துநாலு வயதுப் பெண் ஒருத்தி, யாரென்று தெரியாதவள், கொடுத்தாள். கரு பதினோரு மாதம் உறைபனிப் பெட்டியில் காத்திருந்து, பிறகு மாஸ்டரக்காவுக்குள் வந்து, பத்தாவது வாரத்தையும் தாண்டி நின்றது. அன்றைக்கு அவள் பட்டறையில் யாரிடமும் காரணம் சொல்லாமல் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தாள்.

மூன்றாம் மாடிக்காரர்களுக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. அவளைச் சுவரோரம் நிற்க வைத்துப் படம் எடுத்துப் பெரிதாக்கிப் படிக்கட்டில் மாட்டினார்கள். கீழே, 'நாற்பத்தொன்றிலும் தாய்மை! எங்கள் சாதனை' என்று கொட்டை எழுத்து. நாலாம் மாதம் அவளைக் கீழே தரைத்தளத்துப் பிரசவத் துறைக்கு அனுப்பிவைத்தார்கள். சிக்கல் அங்கேதான் ஆரம்பித்தது.

பதிவு எழுத்தர் ஒரு மெலிந்த மனிதர். கோப்பைப் புரட்டி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார்.

"உங்க வயசு நாப்பத்தொண்ணு. முட்டை வயசு இருபத்துநாலு. இங்க 'தாயின் வயது'ன்னு ஒரே ஒரு கட்டம்தான் இருக்கு. யாரை எழுதுறது?"

"நான்தானே சார் பெத்துக்கப்போறேன்?"

"அது உங்க அபிப்பிராயம்," என்று சொல்லிவிட்டு ஒரு சுற்றறிக்கையைத் தேடி எடுத்தார்.

அந்தச் சுற்றறிக்கைக்குப் பின்னால் ஒரு பழைய யுத்தம் இருந்தது. கரு தங்குவதும் கலைவதும் முட்டையின் வயதைப் பொறுத்தது, ஆகவே முட்டையின் வயதே தாயின் வயது என்பது மூன்றாம் மாடியின் கட்சி. ரத்த அழுத்தமும் சர்க்கரையும் சுமக்கிற உடம்பின் வயதைப் பொறுத்தது, ஆகவே உடம்பின் வயதே தாயின் வயது என்பது தரைத்தளத்தின் கட்சி. இரண்டு கட்சியிலும் உண்மை இருந்தது. எனவே இரண்டு கட்டம் அச்சடித்திருந்தால் தீர்ந்திருக்கும். ஆனால் அப்போதிருந்த இயக்குநர் நியாயத்துக்குப் பேர்போனவர். இரண்டு துறையையும் உட்கார வைத்து, யார் மனமும் கோணாமல், இரண்டு வயதையும் கூட்டி இரண்டால் வகுக்கும்படி உத்தரவு போட்டார்.

எழுத்தர் கூட்டினார், வகுத்தார். "முப்பத்திரண்டரை. முப்பத்தஞ்சுக்குக் கீழ வந்துட்டீங்க. சந்தோஷம்தானே?"

உண்மையைச் சொன்னால் அவளுக்கு உள்ளூரக் கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது. எந்தச் செலவும் இல்லாமல் எட்டரை வருஷம் குறைகிறதென்றால் யாருக்குத்தான் கசக்கும்? அடுத்த நிமிடமே எழுத்தர் ஜன்னல் வழியாகக் கூடத்தைப் பார்த்து, "முட்டை இருபத்துநாலு, உடம்பு நாப்பத்தொண்ணு! அந்த அட்டை ரெடி!" என்று கத்தியபோது சந்தோஷம் போய்விட்டது. அறுபது பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். கூடப்பிறந்த தங்கையிடம்கூட அவள் அதைச் சொல்லியிருக்கவில்லை. அந்த அட்டையை வாங்கிக்கொண்டு அவள் நடந்த நடை, திருடிவிட்டுப் போகிறவளின் நடையாக இருந்தது.

முப்பத்தைந்து என்பது அந்த மருத்துவமனையில் ஒரு சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் மூத்த தாய்ப் பிரிவு. அங்கே வாரா வாரம் ரத்த அழுத்தம் பார்ப்பார்கள், சிறுநீரில் புரதம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள், உட்கார மெத்தை நாற்காலி, கூப்பிட்ட குரலுக்கு டாக்டர். சுவருக்கு இந்தப் பக்கம் இளந்தாய்ப் பிரிவு. ஆறு வாரத்துக்கு ஒரு முறை வந்தால் போதும். ஒரு பெஞ்சு, ஒரு தராசு, ஒரு ரத்த அழுத்த மெஷின், ஐம்பத்தெட்டு வயதில் ஓய்வை எண்ணிக்கொண்டிருந்த ஒரு பெரிய நர்ஸ். இளந்தாய்களுக்கு ஒன்றும் ஆகாது என்பது அந்தப் பிரிவின் நம்பிக்கை. நம்பிக்கைக்கு மெத்தை நாற்காலி வேண்டியதில்லை.

இருபத்தேழாவது வாரம் மாஸ்டரக்காவின் செருப்பு காலுக்குள் போகவில்லை. அவள் கழுத்தில் எப்போதும் தொங்கும் இஞ்ச் டேப்பை எடுத்துக் கணுக்காலைச் சுற்றினாள். எட்டரை இஞ்சாக இருந்த கால் பத்தே முக்கால். மறுநாள் பதினொன்று. தலையின் பின்பக்கம் யாரோ ஆணி அடிப்பதுபோல் வலித்தது. பட்டறையில் சாக்கட்டிக் கோடு இரண்டு இரண்டாகத் தெரிந்ததில் ஒரு அடுக்குத் துணி கோணலாக வெட்டுப்பட்டது. பதினாறு வருஷத்தில் அவள் கையில் நடந்த முதல் தப்பு அது. பட்டறை முதலாளி திட்டவில்லை, லீவு எடுத்துக்கொண்டு டாக்டரைப் பார்க்கச் சொன்னார்.

ஆறு வாரக் கணக்கு முடியவில்லை என்று வாசல்காரன் தடுத்தான். பெரிய நர்ஸ் எட்டிப் பார்த்து, காலைப் பார்த்து, முகத்தைப் பார்த்து, உள்ளே வரச் சொன்னாள். கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தாள். மறுபடி அடித்தாள்.

"நூத்தம்பது. கீழ நூறு," என்று முணுமுணுத்துவிட்டு அட்டையைப் பார்த்தாள். இளந்தாய்ப் பிரிவு அட்டையில் அச்சடித்த கட்டம் நூற்று நாற்பதோடு முடிந்திருந்தது. அதற்கு மேல் வெறும் காகித ஓரமும் மருத்துவமனை முத்திரையும்தான்.

"இங்க மேல எழுதக் கூடாதா சிஸ்டர்?"

"எழுதினா அட்டை செல்லாது." பெரிய நர்ஸ் ஒரு பெருமூச்சு விட்டு, மேஜை டிராயரைத் திறந்து, ஒரு சிவப்புச் சீட்டை எடுத்து மெஷினின் நெற்றியில் ஒட்டினாள். "இளந்தாய்ப் பிரிவுல நூத்திநாப்பதுக்கு மேல காட்டினா மெஷின் பழுதுன்னு அர்த்தம். ரிப்பேருக்கு அனுப்பணும். அதான் ரூல்."

"மெஷின் பழுதா?"

"மெஷின் நல்லாத்தான் இருக்கு. நீங்கதான் நல்லா இல்ல." அவள் குரலை இறக்கினாள். "அடுத்தவங்க முட்டைன்னா அழுத்தம் ஏற வாய்ப்பு கூட. குறையாது. உங்க வயசும் கூட. ரெண்டும் சேர்ந்தா கூட்டணும்மா. இவங்க வகுக்குறாங்க. எப்படியாவது அந்தப் பக்கம் போயிடுங்க."

அடுத்த வாரம் மாற்று மெஷின் வந்தது. அது நூற்று ஐம்பத்தெட்டு காட்டியது. அதன் நெற்றியிலும் சிவப்புச் சீட்டு ஒட்டப்பட்டது. மூன்றாவது மெஷினையும் ரிப்பேருக்குத் தூக்கிக்கொண்டு போன ஆள், "இந்த அம்மா கையிலதான் ஏதோ கோளாறு, மூணு மெஷினைக் கெடுத்துட்டாங்க," என்று பிரிவில் சொல்லிவிட்டுப் போனான். மூன்றும் ரிப்பேருக்குப் போய்விட்டதால் இளந்தாய்ப் பிரிவில் அந்த மாதம் யாருக்கும் அழுத்தமே பார்க்கவில்லை. யாருக்கும் அழுத்தம் அதிகம் என்று பதிவாகவும் இல்லை. மாதக் கூட்டத்தில் பிரசவத் துறைத் தலைவர் இதைக் குறிப்பிட்டுப் பிரிவைப் பாராட்டினார். பெரிய நர்ஸுக்கு ஒரு கண்ணாடித் தம்ளர் பரிசாகக் கிடைத்தது. அவள் அதில் பேனாக்களைப் போட்டு வைத்துக்கொண்டாள்.

மெக்கானிக் சும்மா இருக்கவில்லை. அவளைத் தெருமுனை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனான். அவர் பார்த்தார். நூற்று அறுபத்துநாலு, கீழே நூற்றுப்பத்து. பதறிப்போய், "இதுக்கு என்கிட்ட வசதி இல்லப்பா. இப்பவே பெரிய ஆஸ்பத்திரியில சேர்த்துடு. லேட் பண்ணாதே," என்று ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். அதைக் கொண்டுபோய்ப் பதிவு எழுத்தரிடம் நீட்டினார்கள்.

"வெளி மெஷின்ல பார்த்ததா?" எழுத்தர் யோசித்தார். "இந்த வயசுக்கு இந்த அளவு வராது. அப்போ அந்த மெஷினும் பழுது. ஆனா வெளி மெஷினுக்குச் சிவப்புச் சீட்டு ஒட்ட எங்களுக்கு அதிகாரம் இல்லையே. அவரை மெஷினை எடுத்துட்டு வரச் சொல்லுங்க."

"சார், படிக்கட்டுல என் படம் மாட்டியிருக்கு, போய்ப் பாருங்க. உங்க ஆஸ்பத்திரிதான் எழுதியிருக்கு, நாப்பத்தொண்ணுன்னு."

"அது விளம்பரம்மா. ஆவணம் இல்ல."

வேறு மருத்துவமனைக்குப் போகலாமென்றால், இங்கே பதிவானவர்களை அங்கே சேர்க்க வயதுக் குறிப்போடு மாற்றுக் கடிதம் வேண்டுமாம். அந்தக் கடிதத்திலும் முப்பத்திரண்டரைதான் வரும். அரை வயதுள்ள மனுஷியை எந்தக் கம்ப்யூட்டரும் ஏற்காது என்று அங்கிருந்து ஏற்கெனவே இரண்டு பேர் திரும்பி வந்திருக்கிறார்களாம். எழுத்தர் கெட்டவரில்லை. அவர் ஜன்னலை அரைவாசி மூடிவிட்டு, குனிந்து, மெக்கானிக்கிடம் ரகசியம் சொன்னார்.

"உங்களுக்கு என்ன வயசு? நாப்பத்தாறா? பேசாம உங்க வயசையும் சேர்க்கச் சொல்லி மனு போடுங்க. குழந்தையில உங்க பங்கும் இருக்கில்ல? மூணையும் கூட்டி மூணால வகுத்தா முப்பத்தேழு. சுவத்துக்கு அந்தப் பக்கம் போயிடுவாங்க. வயது நிர்ணயக் குழு மாசத்துல முதல் வியாழக்கிழமை கூடும். இன்னும் ஆறு நாள்."

அந்த ஆறு நாளும் மாஸ்டரக்கா இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்துக் கிடந்தாள். உள்ளே குழந்தை உதைக்கும்போதெல்லாம் மனசுக்குள் எண்ணினாள். புருஷன் தன் பிறப்புச் சான்றிதழுக்கு மூன்று நகல் எடுத்து, மூன்றிலும் கையெழுத்து வாங்கி வந்தான். பயம் இரண்டு பேருக்கும் இருந்தது. ஒருவரிடம் ஒருவர் காட்டிக்கொள்ளவில்லை.

குழு அறையில் நீள மேசை. நடுவில் குழுத் தலைவர். அவர் புள்ளிவிவரத்தில் புலி என்று பேர் எடுத்தவர். வலப்பக்கம் கருத்தரிப்புத் துறைத் தலைவர், இடப்பக்கம் பிரசவத் துறைத் தலைவர். மனுதாரர்கள் நிற்க வேண்டும். வயிற்றுப் பிள்ளைக்காரிகள் மட்டுமே வரும் குழுவில் மனுதாரருக்கு நாற்காலி போடவேண்டுமென்று யாருக்கும் தோன்றவில்லை. புருஷன் அவளைத் தோளோடு தாங்கிப் பிடித்துக்கொண்டான்.

"தகப்பன் வயசைத் தாய் வயசுல சேர்க்கணுமா?" பிரசவத் துறைத் தலைவர் சிரித்தார். "அப்புறம் மூத்த தாய்ப் பிரிவுல இவருக்கும் ஒரு கட்டில் கேட்பீங்க. அம்மா, எங்கிட்ட அங்க பன்னிரண்டு கட்டில்தான். நாலு வருஷமா அந்தப் பிரிவுல ஒரு தாய்கூடச் செத்ததில்ல. எப்படி சாதிச்சோம்? சாகுற மாதிரி இருக்குறவங்களைச் சேர்க்குறதே இல்ல. அந்தப் பேரைக் காப்பாத்தணுமா வேண்டாமா?"

"என் துறையைப் பொறுத்தவரை இந்த மனுவே தேவையில்லாதது," என்றார் கருத்தரிப்புத் துறைத் தலைவர். "முட்டை அருமையான முட்டை. நானே தேர்ந்தெடுத்தேன். கருப்பைங்கிறது வெறும் பாத்திரம். பாத்திரத்துக்கு யாராவது வயசு கேட்பாங்களா? ஆனா ஒண்ணு. கரு பதினோரு மாசம் உறைபனியில இருந்துச்சு. அந்தப் பதினோரு மாசத்தைச் சேர்க்கணுமா, கூடாதா?"

இந்தக் கேள்வி தலைவருக்கு மிகவும் பிடித்துப்போனது. உறைந்திருக்கும் காலத்தில் வயது ஏறுமா என்பது பற்றி மூவரும் முக்கால் மணி நேரம் பேசினார்கள். ஏறாது, ஆனால் பெட்டிக்கு வயது ஏறும் என்று முடிவாகி, குறிப்பேட்டில் எழுதப்பட்டது. மாஸ்டரக்காவுக்கு மேல்வயிற்றில், வலது விலாவுக்குக் கீழே, சுருக்கென்று பிடித்து இழுத்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு பேசினாள்.

"சார், நான் துணி வெட்டுறவ. இடுப்பு நாப்பது இருக்கிற ஒருத்தருக்கும் இருபத்துநாலு இருக்கிற ஒருத்தருக்கும் சேர்த்து முப்பத்திரண்டுல பேண்ட் வெட்டினா, ஒருத்தருக்கு ஏறாது, இன்னொருத்தருக்கு நிக்காது. ரெண்டு பேரும் அம்மணமாத்தான் போகணும். எனக்கு முட்டையைப் பத்தி எதுவும் வேண்டாம் சார். இந்த உடம்பைப் பாருங்க. கால் பதினொண்ணே முக்கால் இஞ்சு."

மூவரும் ரசித்துச் சிரித்தார்கள். 'மனுதாரர் ஓர் உவமை கூறினார்' என்று குறிப்பேட்டில் ஏறியது. கால் எத்தனை இஞ்சு என்பது ஏறவில்லை. தலைவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு குரலைக் கனிவாக்கினார்.

"எங்களைக் கல்நெஞ்சக்காரங்கன்னு நினைச்சுடாதீங்கம்மா. நாப்பதுக்கு மேல கர்ப்பம்னா என்ன ஆபத்துன்னு எங்களைவிட யாருக்குத் தெரியும்? நான் ஊர் ஊராப் போய்ப் பேசுறேன். ரத்த அழுத்தம் ஏறும். தலை வலிக்கும். கண்ணுல மின்னல் அடிக்கும். காலும் முகமும் வீங்கும். மேல்வயித்துல வலி வரும். இதுல ரெண்டு இருந்தாலே ஒரு மணி நேரம் தாமதிக்கக் கூடாது, வலிப்பு வந்துடும், தாயும் போயிடும் பிள்ளையும் போயிடும்னு மேடைக்கு மேடை தொண்டை கிழியச் சொல்றேன். போன மாசம்கூட ஒரு கூட்டத்துல கேட்டவங்க அழுதுட்டாங்க."

"சார், எனக்கு எல்லாமே இருக்கு சார்."

"அதெல்லாம் நாப்பதைத் தாண்டினவங்களுக்கும்மா," என்றார் தலைவர் பொறுமையாக. "நீங்க தாண்டினீங்களா இல்லையாங்கறதைத்தானே இப்ப நிர்ணயம் பண்ணிட்டிருக்கோம்."

முட்டை கொடுத்த பெண்ணுக்கு இருபத்துநாலு முடிந்திருந்ததா, நடந்துகொண்டிருந்ததா என்று சான்று கேட்டு எழுதுவதென்றும், அடுத்த முதல் வியாழக்கிழமைக்கு ஒத்திவைப்பதென்றும் முடிவெடுத்தார்கள். தலைவர் கையெழுத்துப் போடும்போது மாஸ்டரக்காவுக்கு அந்தப் பேனா நாலாகத் தெரிந்தது, பிறகு வெள்ளையாக ஒன்று பளிச்சென்று அடித்தது. "என்னங்க," என்றாள். புருஷன் கையிலிருந்து அவள் நழுவினாள். தரையில் அவள் கைகால்கள் தறிகெட்டு அடித்துக்கொள்வதை மூன்று தலைவர்களும் எழுந்து நின்று பார்த்தார்கள். கருத்தரிப்புத் துறைத் தலைவர் தன் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

சத்தம் கேட்டுப் பெரிய நர்ஸ் ஓடி வந்தாள். ஸ்ட்ரெச்சர் கேட்டாள். எந்தப் பிரிவு ஸ்ட்ரெச்சர் என்று வாசல்காரன் கேட்டான். வயது நிர்ணயம் ஆகாத ஒருவரை ஏற்றினால் இரண்டு பிரிவுக்கும் கணக்கு உதைக்கும் என்று பிரசவத் துறைத் தலைவர் சொன்னார். அவர் அதைப் பதற்றமில்லாமல்தான் சொன்னார், அவரைப் பொறுத்தவரை அது மிகச் சரியான பேச்சு. மெக்கானிக் அதன்பிறகு யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. தன் வாழ்நாளில் எத்தனையோ லிஃப்ட் மோட்டார்களை முதுகில் சுமந்தவன் அவளை அள்ளித் தூக்கிக்கொண்டு, பெரிய நர்ஸ் முன்னால் ஓட, நாலு தாழ்வாரங்களைக் கடந்து அறுவை அறைக்குப் போனான். அங்கே கதவைத் திறக்கவும் டாக்டரைத் தேடவும் பதிவு எண் போடவும் நாற்பது நிமிடம் ஆயிற்று.

அவள் கண் விழித்தது மூன்றாம் நாள். வயிற்றில் தையல் சுரீரென்றது. கையை வயிற்றின் மேல் வைத்தாள். தட்டையாகத் தளர்ந்து கிடந்தது. புருஷன் கட்டிலோரம் உட்கார்ந்திருந்தான். அவள் கேட்கும் முன் அவனாகவே சொன்னான்.

"பொண்ணு. ஒரு கிலோ முந்நூறு. நெறைய முடி." அவள் போர்வையை இழுத்துவிட்டு, "நான் தூக்கினேன். ரொம்ப நேரம் வச்சிருந்தேன். சூடாத்தான் இருந்துச்சு," என்றான்.

அவள் அழுதாள். அழுகை என்று சொல்வது பட்டறைக்கும் வீட்டுக்கும் பொருந்துகிற சொல். இது வேறு, இதற்கு அவளிடம் அளவில்லை. பார்க்காத பிள்ளைக்காக, பார்த்திருக்க வேண்டிய பிள்ளைக்காக, தையல் பிரிந்தாலும் பிரியட்டுமென்று அழுதாள். பெரிய நர்ஸ் வந்து அவள் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அது எந்த விதியிலும் இல்லை.

மருத்துவமனை தன் கடமையில் தவறவில்லை. இறப்பு குறித்து விளக்க அறிக்கை தயாரித்தது. கருமுட்டையில் எவ்விதக் குறையும் காணப்படவில்லை என்று கருத்தரிப்புத் துறை பெருமையோடு எழுதியது. முப்பத்திரண்டரை வயதினரில் நூறு பிரசவத்துக்கு அரைப் பிள்ளை இவ்வாறு இழக்கப்படுவது எதிர்பார்த்த அளவுக்குள்தான் என்று பிரசவத் துறை எழுதியது. அந்த அரைப் பிள்ளைக்கு நிறைய முடி இருந்தது என்பதற்கு அறிக்கையில் இடமில்லை. மூத்த தாய்ப் பிரிவு சாவு இல்லாத ஐந்தாம் ஆண்டுக்குள் நுழைந்தது.

வீட்டுக்கு வந்த இரண்டாம் வாரம் தபாலில் ஓர் உறை வந்தது. மெக்கானிக் பிரித்து, நின்றபடியே உரக்கப் படித்தான்.

"மேற்படி கருமுட்டையின் விளைவு மனுதாரரின் உடலில் தற்போது இல்லாத காரணத்தால் சராசரி காண வேண்டிய அவசியம் எழவில்லை. ஆகவே மனுதாரரின் வயது நாற்பத்தொன்று என இதனால் நிர்ணயிக்கப்படுகிறது. மனு ஏற்கப்பட்டது. மனுதாரர் மூத்த தாய்ப் பிரிவில் வாரந்தோறும் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு ஆஜராகலாம்." மடித்து வைத்தான். "நாம ஜெயிச்சுட்டோமாம்."

கிழித்துப் போடலாம் என்றுதான் அவனுக்கு இருந்தது. ஆனால் அறுவை செய்த டாக்டர், இன்னும் ஆறு வாரத்துக்கு அழுத்தத்தைக் கவனிக்காவிட்டால் மறுபடி வலிப்பு வரலாம் என்று சொல்லியிருந்தார். தெருமுனை டாக்டர் தன்னிடம் வசதி இல்லை என்று முன்பே கைவிரித்திருந்தார், மருத்துவமனையிலோ சிவப்புச் சீட்டு ஒட்டாத மெஷின் அந்தப் பிரிவில்தான் இருந்தது. செவ்வாய்க்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு போனான். ஆண்கள் வெளியே நிற்க வேண்டும் என்றார்கள், நின்றான்.

உள்ளே மெத்தை நாற்காலி மெத்தென்றுதான் இருந்தது. பணியில் சேர்ந்து நாலு நாளான ஒரு சின்ன நர்ஸ், கடிதத்தோடு வந்திருந்த மஞ்சள் அட்டையை வாங்கி, நாற்பத்தொன்று என்று பார்த்துத் தலையாட்டிவிட்டு, பட்டையைச் சுற்றினாள்.

"நூத்தி இருபத்தாறு, கீழ எண்பத்துநாலு. ரொம்ப நல்லாருக்கும்மா." அட்டையில் கட்டம் இருநூறு வரை போயிருந்தது. அவள் எழுதிக்கொண்டே, தலை நிமிராமல், அடுத்த கட்டத்துக்குப் போனாள். "குழந்தை அசையுதாம்மா?"

மாஸ்டரக்கா எல்லாவற்றையும் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். ஒரு சொல்தான் வெளியே வந்தது.

"இல்ல."

மூத்த தாய்ப் பிரிவில் அந்தப் பதிலுக்கு இரண்டாம் கேள்வி கிடையாது. மணியை அழுத்த வேண்டும், அவ்வளவுதான். அருமையான விதி, யாரோ விவரம் தெரிந்தவர் எழுதியிருக்க வேண்டும். சின்ன நர்ஸ் பேனாவைப் போட்டுவிட்டுச் சுவரிலிருந்த பொத்தானை அறைந்தாள். கட்டடமே அதிர மணி அடித்தது. இரண்டு பக்கக் கதவும் திறந்தன. நாலு டாக்டர்கள் ஓடி வந்தார்கள், ஒருவரின் செருப்பு கதவருகிலேயே கழன்று கிடந்தது. இரண்டு பேர் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். ஒருவர் ஆக்சிஜன் சிலிண்டரை உருட்டி வந்தார். யாரும் வயது கேட்கவில்லை. "இல்லைங்க, நான்" என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் அவளைத் தூக்கிக் கிடத்தியாயிற்று. ஒரு கை அவள் துணியை விலக்கி, குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்கும் கருவியை வயிற்றில் வைத்துத் தேடியது. இடப்பக்கம் தேடியது, வலப்பக்கம் தேடியது, கீழே இறங்கி ஆறாத தையலில் இடித்தது. அவள் அலறினாள். கை நின்றது.

ஒருவர் மஞ்சள் அட்டையை எடுத்துப் படித்தார். திருப்பி இன்னொரு முறை படித்தார். யாரோ போய் மணியை நிறுத்தினார்கள். எல்லோரும் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்கள்.

மாஸ்டரக்கா கூரையைப் பார்த்துக் கிடந்தாள். முதலில் அவளுக்குக் கோபம் வரவில்லை, ஆச்சரியம்தான் வந்தது. இவர்களுக்கு ஓடத் தெரிந்திருக்கிறது. இத்தனை பேர் இருந்திருக்கிறார்கள், ஸ்ட்ரெச்சர் இருந்திருக்கிறது, சக்கரம் சத்தமில்லாமல் உருண்டிருக்கிறது. இரண்டே நிமிடம்கூட ஆகவில்லை. அதற்குப் பிறகுதான் கோபம் வந்தது, பிள்ளை போன நாளிலிருந்து வராத கோபம். முழங்கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தாள்.

"அன்னிக்கு எல்லாரும் எங்கய்யா இருந்தீங்க?"

டாக்டர்களில் இளையவர், செருப்பைத் தொலைத்தவர், இன்னும் மூச்சு இரைத்துக்கொண்டிருந்தார். நல்ல மனுஷர், பொய் சொல்லத் தெரியாதவர்.

"இங்கதாம்மா இருந்தோம்," என்றார். "யாரும் மணி அடிக்கலையே."